கோவில் தெருவும் பக்கத்துத் தெருவும்: சட்டம் யாரைப் பிடித்தது?



இது நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படிங்க. வழக்கமா நாங்கள் கோவில் வரலாறு, தைப்பூசம், பழைய தோட்டத்துக் கதைகள்தான் எழுதுவோம். இந்தத் தடவை எடுத்திருப்பது விபச்சாரமும் அதற்கான சட்டமும். சாமி படம் போடுகிற பக்கத்தில் இது எதுக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். காரணம் இருக்கு. வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில் மஸ்ஜித் இந்தியா பின்சந்துப் பக்கமிருந்து சில பெண்கள் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களை உள்ளே விடக்கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். "அது சட்டப்படியே குற்றம், கோவில் சட்டத்துக்கு எதிரா நடக்கலாமா?" என்றும் கேட்டார். அதற்குக் கட்டைவிரல் போட்டவர்கள் நிறைய பேர்.

சரி, சட்டம் என்று சொல்லிட்டீங்க. அப்போ அது எந்தச் சட்டம், யார் போட்டது, எதுக்காகப் போட்டது, போட்ட பிறகு யாரைப் பிடித்தது என்று பார்த்துவிடுவோம். இந்தத் தொழில் நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படி யாரும் படித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நம்ம கோலாலம்பூர். 1860களிலும் 70களிலும் இது ஈயச் சுரங்க ஊர். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆண்கள். மூன்றாவது கப்பித்தான் யாப் ஆ லோய் 1868 முதல் 1885இல் இறக்கும் வரை இந்த ஊரை நடத்தினார். ஊரைக் கட்டினவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படிச்சிருப்போம், அது உண்மைதான். ஆனால் அவருடைய வருமானம் ஈயத்தில் மட்டும் வரவில்லை. சூதாட்டக் கூடம், அபின் கடை, சாராயம், பெண்களை வைத்திருந்த விடுதிகள், எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. சுரங்கத்தில் கூலி கொடுப்பவரும் அதே கூலியைச் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்பவரும் ஒரே முதலாளி. தோட்டத்தில் சம்பள நாளன்று கள்ளுக்கடை என்ன வேலை செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

இதே காலத்தில்தான் நம்ம தம்புசாமி பிள்ளை 1873இல் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலை ஆரம்பித்தார். 1885இல் கோவில் ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தது, இன்றைக்கு துன் எச்.எஸ். லீ சாலை. அதற்கு அடுத்த தெரு பெட்டாலிங் ஸ்ட்ரீட். இன்று பை, கடிகாரம் விற்கிற அந்தத் தெரு வட்டாரத்தில்தான் அந்தக் காலத்தில் சீனப் பெண்களும் பிறகு ஜப்பானியப் பெண்களும் இருந்த விடுதிகள் இருந்தன. ஊரெல்லாம் சுத்தமான பிறகு அம்மன் இங்கே வந்து உட்காரவில்லை. இப்படி இருந்த ஊரில்தான் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்கள் எப்படி வந்தார்கள்? தென் சீனாவில் பஞ்சம், கடன். வீட்டில் விற்றுவிடுவார்கள், அல்லது வேலை, கல்யாணம் என்று ஏமாற்றிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கப்பல் காசு, சாப்பாடு, துணி எல்லாமே அவள் கணக்கில் கடனாக எழுதப்படும். உழைத்து அடைக்கணும். அடைக்க அடைக்கக் கடன் குறையாது, ஏன் என்றால் கணக்கு எழுதுகிறவர் விடுதிக்காரர். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிற எங்களுக்கு இது நல்லாவே புரியுது. இன்றும் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு, பாஸ்போர்ட்டை எங்கேயோ கொடுத்துவிட்டு, ஓவர்டைம் செய்து அடைக்கிறதைப் பார்க்கிறோம். வேலை வேறு, கணக்கு எழுதும் முறை அதேதான்.

பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் அவர்கள் கவலைப்பட்டது பெண்களைப் பற்றி இல்லை, தங்கள் சிப்பாய்களையும் மாலுமிகளையும் பற்றி. மேக நோயால் படை பாதிக்கப்பட்டது. அதனால் இங்கிலாந்தில் 1864இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்கு 1868இல் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1870இல் வந்தது. விடுதி பதிவு செய்யணும். அங்கே இருக்கும் பெண்களின் பெயர் பதியணும். குறிப்பிட்ட நாளில் அவர்கள் டாக்டர் முன்னால் போய்க் கட்டாயம் உடம்பைக் காட்டணும். நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பார்கள். வந்துபோன ஆணுக்குப் பரிசோதனை உண்டா? கிடையாது. நோய் இரண்டு பேருக்கும் வருகிறது, சட்டம் ஒருத்தரைத்தான் படுக்க வைத்துப் பார்க்கிறது. இதை மருத்துவம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

எங்கள் வேலை இடத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கு. மெஷினில் பாதுகாப்புக் கார்டைக் கழட்டிட்டு வேகமா ஓட்டச் சொன்னது மேலே இருந்தவர்கள். விரல் போனது ஆபரேட்டருக்கு. வார்னிங் லெட்டர் வந்ததும் ஆபரேட்டருக்கே. அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எங்களுக்கு அந்த லெட்டர்தான் ஞாபகம் வந்தது.

இங்கிலாந்திலேயே இதை எதிர்த்துக் கிளம்பினவர் ஜோசபின் பட்லர் என்கிற அம்மா. கிறிஸ்தவ பக்தி உள்ளவர். விபச்சாரம் பாவம் என்று நம்பினவர்தான். ஆனாலும் பெண்ணை மட்டும் பிடித்துச் சோதிக்கிற சட்டம் அதைவிடப் பெரிய பாவம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கல்லெறி வாங்கினார். 1886இல் இங்கிலாந்தில் அந்தச் சட்டம் ரத்தானது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் இந்தியாவிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் எடுத்தார்கள். ஒழுக்கத்தில் ரொம்பக் கண்டிப்பான ஒருத்தர்தான் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார் என்பதைக் கட்டைவிரல் போட்ட அன்பர்கள் கொஞ்சம் கவனிக்கணும்.

இன்னொரு பக்கம் நல்ல எண்ணத்தோடு வந்த ஏற்பாடும் இருந்தது, அதையும் சொல்லணும். 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் ஆரம்பித்தார்கள். முதல் அதிகாரி பிக்கரிங், சீன மொழி தெரிந்த வெள்ளைக்காரர். கப்பலில் வந்து இறங்கும் பெண்களை விசாரிப்பார்கள். நீ விருப்பப்பட்டு வந்தாயா, யாராவது விற்றார்களா என்று கேட்பார்கள். உங்களை யாரும் பூட்டி வைக்க முடியாது, இஷ்டப்பட்டால் வெளியே போகலாம் என்று சொல்லி வைப்பார்கள். தப்பி வருகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள போ லியோங் குக் என்ற இல்லம் வந்தது. முதலில் ஹாங்காங், பிறகு சிங்கப்பூர், 1890களில் நம்ம கோலாலம்பூர். சீன சமூகத்துப் பெரியவர்களும் அரசாங்கமும் சேர்ந்து நடத்தினார்கள். அங்கே இருந்த பெண்களுக்குத் தையல், சமையல் சொல்லிக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார்கள். எத்தனையோ உயிர் அதனால் பிழைத்தது.

ஆனால் அங்கேயும் ஒன்று உறுத்துகிறது. மாப்பிள்ளை வரும் வரை அந்தப் பெண் வெளியே போக முடியாது. காப்பாற்றினார்கள், ஆனாலும் பூட்டின கதவுக்குப் பின்னால் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அதே சமயம், விடுதி நடத்துவது அன்றைக்குக் குற்றமே இல்லை. அதிகாரிக்குத் தெரிந்தே நடந்தது. கட்டட முதலாளிக்கு வாடகை போய்ச் சேர்ந்தது.

பிறகு காற்று மாறியது. ஜப்பான் தன் நாட்டுப் பெயர் கெடுகிறது என்று சொல்லி 1920இல் தன் தூதரகம் மூலமாகவே மலாயாவில் இருந்த ஜப்பானிய விடுதிகளை மூட வைத்தது. அந்தப் பெண்களைக் 'கராயுகி சான்' என்பார்கள், பெரும்பாலும் கியூஷூ தீவின் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள். பல வருடம் அவர்கள் ஊருக்கு அனுப்பின காசு வேண்டியிருந்தது, நாடு பணக்கார நாடான பிறகு அவர்கள் இருப்பதே அவமானமாகிவிட்டது. பலர் இங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஜப்பானியர் இடுகாட்டில் அவர்களுடைய சின்னச் சின்னக் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

1930இல் பிரிட்டிஷ் அரசாங்கமே விடுதிகளை மூடிவிட முடிவெடுத்தது. லண்டனில் பெண்கள் அமைப்புகளின் அழுத்தம், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் அழுத்தம். அதுவரை அதிகாரிகளுக்குத் தெரிந்தே நடந்தது சட்டவிரோதமானது. நல்ல முடிவுதானே என்று தோணும். கட்டடம் மூடினது, பெண்கள் எங்கே போனார்கள்? அது உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம், ரப்பரும் ஈயமும் விலை போகாத நேரம். காப்பிக்கடை, லாட்ஜ், கேபரே என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே தொழில் நடந்தது. முன்பு ஒரு அதிகாரியாவது வந்து கேட்டுப் பார்த்தார், இப்போது கேட்கவும் ஆள் இல்லை. மறைவில் செய்வதால் போலீஸ்காரருக்கும் குண்டருக்கும் பயந்து இருக்கணும். அனுமதி கொடுத்த காலத்திலும் அடி வாங்கினது அவள், தடை போட்ட காலத்திலும் அவள்தான். நல்ல நோக்கத்தோடு போட்ட சட்டமே இப்படி ஆனது என்றால் அந்தச் சட்டம் யார் பேச்சைக் கேட்டு எழுதப்பட்டது என்று யோசிக்கணும். அந்தப் பெண்களைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

1942இலிருந்து 45 வரை ஜப்பான் ராணுவம் இங்கே என்ன செய்தது என்பதை எழுதக் கை வரவில்லை. கோலாலம்பூரிலும் ராணுவத்துக்கென்று பெண்களை அடைத்து வைத்த இடங்கள் இருந்தன. அதற்கும் கட்டணம், நேரம், டாக்டர் சோதனை என்று ஒழுங்காக விதிமுறை எழுதி வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி விடுகிறோம்.

இதெல்லாம் சீனர் கதை, ஜப்பானியர் கதை, நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. நம்ம தோட்டத்துக்கு வருவோம்.

கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு வந்த ஆரம்பக் காலத்தில் ஆண்கள்தான் அதிகம், பெண்கள் குறைவு. லயத்தில் குடும்பம் நடத்துவதே போராட்டம். பெண் பால் மரம் வெட்டப் போகணும், பெரட்டுக்கு நிற்கணும், துரையும் சின்னத் துரையும் கிராணியும் மண்டோரும் வேலை கொடுப்பவர்கள், வேலையை நிறுத்துபவர்கள். அவர்களில் சிலர் நம் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்பது வயதான பாட்டிமார்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அங்கே விபச்சாரச் சட்டம் எதுவும் வேலை செய்யவில்லை. ஏன் என்றால் அங்கே விடுதி இல்லை, பதிவு இல்லை, காசு கைமாறவில்லை. அதிகாரம் மட்டும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் 'கெட்டுப் போனவள்' என்று லயத்தில் பேர் வாங்குவாள். துரைக்கு எந்தப் பேரும் இல்லை.

அதை எதிர்த்துக் கேட்டது யார் தெரியுமா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள். ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்ற அந்த வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கணும் என்ற வழக்கத்தை நிறுத்து என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒன்று, எங்கள் பெண்கள் மேல் கைவைப்பதை நிறுத்து என்பது. கிள்ளான் மண்ணில் நம் ஆட்கள் கேட்ட கோரிக்கை இது. பதில் என்ன? மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெண்ணின் மானம் காக்கணும் என்று லண்டன் அழுத்தத்தில் விடுதிகளை மூடின அதே அரசாங்கம்தான் பத்து வருடம் கழித்து, பெண் மானம் கேட்டவர்களைச் சுட்டது. எங்களுக்கு இந்த வரலாற்றில் மனசு ஆறாத இடம் இதுதான்.

இனி கோவில் பக்கம். இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நேர்மை இல்லை.

தஞ்சைப் பெரிய கோவிலை ராஜராஜ சோழன் கட்டி முடித்தது 1010இல். அந்தக் கோவில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கு. பல ஊர்க் கோவில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து தளிச்சேரியில் குடிவைத்தது பற்றி. தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருவருடைய பெயர், எந்தக் கோவிலிலிருந்து வந்தவள், எந்த வரிசையில் எந்த வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல் என்று விவரமா வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் கழித்தும் அவர்கள் பெயரை வாசிக்கலாம். நம்ம பாட்டன் பூட்டன் பெயர் இப்படி ஒரு கல்லில் இருக்குதா? அவர்கள் கோவில் பணியாளர்கள், மரியாதை உள்ளவர்கள்.

அது அப்படியே இருக்கவில்லை என்பதும் உண்மை. அரசர்கள் போனார்கள், கோவில் மானியம் குறைந்தது. மிராசுதாரும் ஜமீன்தாரும் காசு கொடுத்து ஆதரிக்கிற நிலை வந்தது. விவரம் தெரியாத சின்னப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிவிட்டு அவள் வாழ்க்கையை வேறு யாரோ முடிவு செய்தார்கள். இதில் கடவுள் பெயர் இருந்தது, கோவிலும் இருந்தது. வெள்ளைக்காரர் 1860இல் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்று இரண்டு பிரிவுகள், சிறு பெண்ணை விபச்சாரத்துக்கு விற்பது, வாங்குவது பற்றி. பொட்டுக் கட்டும் வழக்குகளில் அந்தப் பிரிவுகளைப் பயன்படுத்தினார்கள். அதன்பிறகு கோர்ட்டு பாஷையில் தேவதாசி என்றாலே விபச்சாரி என்று ஆனது. தளிச்சேரிப் பெண்டு என்ற பெயர் போய், தாசி என்பது வசைச்சொல் ஆகிவிட்டது.

இதை நிறுத்தப் போராடினவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர், அவருடைய தாயாரே தேவதாசி குடும்பத்தில் வந்தவர். 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். 1929இல் வந்த திருத்தச் சட்டத்தால், கோவில் பணிக்காகக் கொடுத்த மானிய நிலம் பொட்டுக் கட்டாமலே அந்தப் பெண்களுக்குச் சொந்தமாகும் வழி பிறந்தது. இது முக்கியம். தடை மட்டும் போடாமல் நிலத்தையும் கேட்டார். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இடையில் அந்தக் குலத்திலிருந்து விடுபட்டு வந்த பிள்ளைகளைத் தங்க வைக்கச் சென்னையில் விடுதி தேடினார். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு விடுதி இருந்தது, இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் இடம் இல்லை. கடைசியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே குலத்தில் கஷ்டப்பட்டு, அதே பக்கம் நின்று கிராமம் கிராமமாகப் பேசினவர்.

எதிர்த்தும் சிலர் பேசினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜ சுவாமி சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோவில் எழுப்பினவர். தேவதாசி மரபில் வந்தவர். எங்களுக்குச் சொத்து உண்டு, படிப்பு உண்டு, சங்கீதம் உண்டு, எங்களை ஏன் மொத்தமாக விபச்சாரி என்று எழுதுகிறீர்கள் என்பது அவர்கள் பக்கத்துக் கேள்வி. முத்துலட்சுமி அம்மையார் சொன்னதும் நியாயம், நாகரத்தினம்மாள் பக்கத்துக் கேள்வியும் நியாயம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. சின்னப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியே ஆகணும். ஆனால் நிறுத்தும்போது அந்தக் குலத்துப் பெண் எல்லாருக்கும் ஒரே முத்திரை குத்தியாச்சு. தேடிப் போன மிராசுதாருக்கு முத்திரை ஏதும் இல்லை, அவர் கோவில் தர்மகர்த்தாவாகவும் இருந்தார்.

இப்போ நம்ம நாட்டுச் சட்டம். தண்டனைச் சட்டத்தில் பிரிவு எண்களைப் பாருங்க: 372, 372ஏ, 372பி, 373. இதில் 372, 373 சென்னையில் இருந்த அதே எண்கள். இந்தியச் சட்டத்தைப் பார்த்து 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு எழுதினார்கள், அதன் வழியில் நமக்கு வந்தது. காலப்போக்கில் உள்ளே இருக்கும் வாசகம் மாறியிருக்கு. இன்று 372 பிறரை விபச்சாரத்துக்குப் பயன்படுத்துவது, 372ஏ அந்த வருமானத்தில் பிழைப்பது, 373 விடுதி நடத்துவது. 372பி ஆள் கூப்பிடுவது, அதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம். உடம்பை விற்கும் செயலையே குற்றம் என்று சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. இஸ்லாமியர்களுக்கு ஷரியா சட்டம் தனி. வெளிநாட்டவராக இருந்தால் குடிநுழைவுச் சட்டம் தனி.

அதாவது சட்டப் புத்தகத்தில் பெரிய குற்றம் செய்தவர் அவளை வைத்துச் சம்பாதிப்பவர். கூப்பிடுவது சின்னக் குற்றம், அதிலும் பெண் என்று எழுதவில்லை, யார் என்றாலும் பொருந்தும். ஆனால் செய்தியில் நாம் பார்க்கும் படம் என்ன? தலைமுடியால் முகத்தை மறைத்துக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். அந்தக் கடைவீட்டை வாடகைக்கு விட்டவர் படம் எப்போவாவது வந்திருக்கா? பிரிக்பீல்ட்ஸ் தம்பிப்பிள்ளை சாலை பெயர் பல வருடம் கெட்டுக் கிடந்தது, சௌக்கிட்டில் லோரோங் ஹாஜி தைப் பெயரும் அப்படித்தான். ஒரு தமிழர், ஒரு ஹாஜி, இரண்டு பெயரும் தெருப்பலகையில் நின்று பழி வாங்கியது, கட்டட உரிமையாளர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்னொரு சட்டமும் இருக்கு, அது 2007இல் வந்த ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டம். ஏமாற்றி, மிரட்டி, கடனைக் காட்டிக் கொண்டுவரப்பட்ட பெண் அதன்படி குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர். அவளுக்குப் பாதுகாப்பு கொடுக்கணும் என்று சட்டமே சொல்லுது. அன்னதான வரிசையில் நிற்பவளில் யார் எந்தச் சட்டத்தின் கீழ் வருவாள் என்று சாம்பார் வாளி பிடித்திருக்கிற நமக்கு எப்படித் தெரியும்?

சட்டம் கல்லில் செதுக்கினதும் இல்லை. மணமான பெண்ணை இன்னொருவர் அழைத்துப் போனால் கணவன் வழக்குப் போடலாம், மனைவி போட முடியாது என்ற 498ஆம் பிரிவும் அதே வெள்ளைக்காரர் காலத்துச் சரக்குதான். 2023 டிசம்பரில் நம்ம கூட்டரசு நீதிமன்றம் அது ஆண் பெண் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. சுவீடன் 1999இல் விற்கும் பெண்ணை விட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்கும் ஆணைக் குற்றவாளி ஆக்கியது. நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போய், அதையும் மற்றத் தொழில் மாதிரி ஒழுங்குபடுத்தியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், இந்தப் பெண்களையும் போலீஸ் மரியாதையோடு நடத்தணும், சோதனையின்போது அவர்கள் அடையாளத்தை ஊடகங்கள் வெளியே விடக்கூடாது என்றது. எது சரி என்று நாடுகள் இன்னும் சண்டை போடுகின்றன. எங்களைக் கேட்டால் சுவீடன் வழியில் ஒரு நியாயம் தெரியுது, வாங்குகிற ஆளைக் கேட்கிற முதல் சட்டம் அது. அங்கேயும் பெண்கள் ஒதுக்குப்புறமாகத் தள்ளப்படுகிறார்கள் என்ற புகார் இருக்கு.

கோவில் என்ன செய்யணும் என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, நம்ம புராணத்திலேயே இருக்கு. சுந்தரமூர்த்தி நாயனாரின் மனைவி பரவை நாச்சியார் திருவாரூரில் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். அவருக்குக் கோபம் வந்து கதவைச் சாத்தினபோது, சமாதானம் பேச நடுராத்திரியில் திருவாரூர் வீதியில் நடந்து போனது யார்? சாட்சாத் தியாகராசப் பெருமான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. குலம் கேட்டுவிட்டா போனார்?

மணிமேகலை பௌத்தக் காப்பியம், இருந்தாலும் தமிழர் எல்லாருக்கும் பொது. மாதவி பெற்ற பிள்ளை அவள். கணிகை மகள் என்று ஊர் பேசின பெண் கையில்தான் அமுதசுரபி வந்தது. அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை போட்டவள் ஆதிரை, கற்புக்குப் பேர் போனவள். கற்புக்கரசி போட்ட சோறு கணிகை மகள் கையால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவள் சோழ ராஜாவிடம் கேட்டுச் சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்ற வைத்தாள். அன்னதானக் கரண்டி பிடிக்கிற நமக்கெல்லாம் குலதெய்வம் மாதிரி இருக்க வேண்டியவள்.

குழுவில் பேசி முடிவு செய்ததை இங்கேயே சொல்லிடுறோம், தனித்தனியா போன் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை வரிசையில் யாரிடமும் எங்கே இருந்து வர்றீங்க, என்ன வேலை என்று கேட்கக்கூடாது. யாரையும் படம் எடுக்கக்கூடாது, எடுத்து ஏற்கனவே குழுவில் போட்டவர்கள் அழித்துவிடுங்க. பெண்கள் வரிசையில் பரிமாற மூன்று அம்மாக்கள் பேர் கொடுத்திருக்காங்க, இன்னும் இரண்டு பேர் தேவை. யாராவது ஒரு பெண், என்னைப் பிடித்து வைத்திருக்காங்க, பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கு என்று காதோடு சொன்னால் அங்கேயே கூட்டம் கூட்டாதீங்க. அம்மாக்களில் ஒருவரிடம் சொல்லுங்க, தாலியான் காசே 15999க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. அந்தப் பெண்கள் பின்னால் வந்து கோவில் வாசலில் நின்று வம்பு செய்யும் ஆண்கள் சிலர் இருக்காங்க. அவர்களைத்தான் இந்த வாரத்திலிருந்து வாசலிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கோம்.

பழைய பெட்டாலிங் ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட் பற்றித் தாத்தா பாட்டி சொன்ன கதை, பழைய படம், கிள்ளான் வேலைநிறுத்தத்தில் இருந்த குடும்பத்தார் யாராவது இருந்தால் கமெண்டில் எழுதுங்க. அடுத்த பதிவு 1941 கிள்ளான் பற்றித்தான்.